அவருக்கென்று ஒரு பெட்டி

நானும் என் கணவரும் பிரிந்துவிடுவது என்று முடிவான பிறகு, இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் காரியம் சேலத்துக்குப் போய் அவருக்குக் கம்ப்யூட்டர் சாமான் வாங்கி வந்ததுதான். என் அண்ணன் கேள்விப்பட்டு, "பிரியறவங்க யாராச்சும் ஒண்ணாக் கடைக்குப் போவாங்களா?" என்று கேட்டார். போக வேண்டியிருந்தது. அவருக்கு அந்தச் சாமான்களைப் பற்றி எதுவும் தெரியாது, எனக்குத் தெரியும்.

எங்களுக்கு நாமக்கல்லில் ஒரு சின்ன அலுவலகம். வீட்டுக்குப் பிளான் போடுவது, எஸ்டிமேட் கொடுப்பது, கேட்கிறவர்களுக்குக் கூடவே இருந்து கட்டி முடித்துக் கொடுப்பது. இரண்டு பேரும் சிவில் படித்தவர்கள். நான் உள்ளே உட்கார்ந்து வரைவேன், அவர் சைட்டுக்குப் போவார். கல்யாணமாகி மறு வருடம் ஆரம்பித்தோம். கம்ப்யூட்டர், பிரிண்டர், இன்டர்நெட் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே என் பொறுப்பு. ஒருமுறை கம்ப்யூட்டர் ஒன்று படுத்துக்கொண்டு, ராசிபுரத்துக்காரர் ஒருவரின் வீட்டுப் படங்கள் மொத்தமும் போய், எல்லாவற்றையும் நான் திரும்ப வரைந்தேன். அதற்குப் பிறகுதான் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வாங்கி வைத்தேன். இரண்டு செங்கலை நிறுத்தி வைத்த உயரம் இருக்கும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவதையே இன்னொன்றிலும் எழுதிக்கொள்ளும். ஒன்று கெட்டாலும் மற்றது நிற்கும். அலுவலகத்தின் எல்லாக் கம்ப்யூட்டரும் அதைப் பார்க்கும். அவர் சைட்டில் நின்றுகொண்டு போனிலேயே பார்ப்பார். அது எப்படி வருகிறது என்று அவர் கேட்டதில்லை. "அந்தப் பொட்டி ஓடுதா?" என்று மட்டும் கேட்பார்.

பிரிந்ததற்குக் காரணம் கேட்டால் சொல்லும்படி ஒன்றும் இல்லை. அதுதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. அவர் குடிக்கிறவர் இல்லை. கை நீட்டியதும் இல்லை. மாமனாருக்கு மேச்சேரிப் பக்கம் தோட்டம், பட்டியில் ஆடு. அவர் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததும், பார்த்துக்கொள்ள இவர் ஊருக்குப் போனார். மாமியார் முன்னமே இல்லை. முதலில் வாரத்தில் பாதி நாள் இங்கே இருந்தார். அப்புறம் அதுவும் குறைந்தது. மகளின் பள்ளிக்கூடம், அலுவலகம் என்று நான் இங்கேயே இருந்தேன். வா என்று அவரும் கூப்பிடவில்லை, வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. மாமனார் இறந்து, ஆடுகளை விற்று, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவர் திரும்பி வந்தபோது, அவருடைய துணி வைக்கிற அலமாரியில் மகளின் புத்தகங்கள் இருந்தன. அவற்றை எடுத்து வைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அவரும் கேட்கவில்லை. பையிலிருந்தே துணி எடுத்து உடுத்திக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நாம இப்படியே இருக்கோணுமா?" என்றார்.

"எப்படிங்க?"

"இப்படித்தான். நீ ஒரு ரூம்ல, நான் ஒரு ரூம்ல."

நான் யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே யோசித்தேன். "வேண்டாமுங்க," என்றேன்.

"எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல."

"எனக்கும் இல்லீங்க."

அவ்வளவுதான் பேச்சு. அன்று மதியம் ஒரு எஸ்டிமேட்டை முடித்து அனுப்பினேன். பிறகு எடுத்துச் சரிபார்த்தேன், ஒரு தப்பும் இல்லை. என் அம்மா போனில் அழுதார். "நீ ஒரு பாட்டம் அழுதுரு சாமி, நெஞ்சுல வெச்சிருக்காத," என்றார். நெஞ்சில் எதுவும் இருந்த மாதிரித் தெரியவில்லை. சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது. கேஸ் அடுப்பை மூடினேனா என்று மட்டும் அடிக்கடி போய்ப் பார்த்தேன்.

வக்கீல் சொன்னபடி ஒவ்வொன்றாகப் பேசி முடித்தோம். மகள் என்னோடு, சனி ஞாயிறு அவரோடு. கார் அவருக்கு, ஸ்கூட்டர் எனக்கு. அலுவலகம் எனக்கு. அவர் பரமத்தி ரோட்டுப் பக்கம் ஒரு வாடகை வீடு பார்த்திருந்தார். முன் அறையில் மேசை போட்டு வேலையைத் தொடர்வதாகச் சொன்னார். பெட்டி என்று வந்தபோது, "அது உனக்கு," என்றார்.

"அது இல்லாம நீங்க எப்படி வேலை பாப்பீங்க?"

"வேணுங்கறப்ப உன்கிட்டக் கேட்டு வாங்கிக்கறேன்."

"ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டே இருக்க முடியுமுங்களா?"

அந்தப் பெட்டியில் இருந்தவை என் படங்கள் மட்டும் அல்ல. சுவரைப் பூசுவதற்கு முன்னால் அவர் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுப்பார். தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது, கரண்ட் பைப் எங்கே போகிறது என்று டேப்பைப் பிடித்து அளவு தெரிகிற மாதிரி எடுப்பார். குடிபோய் வருடங்கள் கழித்து யாராவது கூப்பிடுவார்கள். "பாத்ரூம்ல ஒரு ஆணி அடிக்கோணும் சார், பைப் எங்க போகுது?" என்பார்கள். இவர் போனில் பார்த்துச் சொல்வார். அதற்காகவே அவரை விடாமல் வைத்திருந்தவர்கள் உண்டு. அந்தப் போட்டோக்கள் இல்லாமல் அவரை அனுப்பக் கூடாது என்று நினைத்தேன். யார் எதை எடுப்பது என்று பிரிக்க வேண்டியதில்லை. அப்படியே இன்னொரு படி எடுத்தால் இருவருக்கும் எல்லாமே இருக்கும்.

"உங்களுக்கு ஒண்ணு வாங்கிரலாமுங்க," என்றேன்.

"நீயே பாத்துச் சொல்லு," என்றார்.

அந்த வாரம் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் தூங்கின பிறகு போனை வைத்துக்கொண்டு, எந்த டிஸ்க் எத்தனை வருட உத்தரவாதம், எந்தப் பெட்டி எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று படித்தேன். எனக்கு அது நன்றாக இருந்தது. அந்த எண்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

மலிவாக முடிக்க நிறைய வழி இருந்தது. ரவுட்டரின் முதுகில் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்கைச் சொருகிவிட்டால் போதும் என்று பலர் எழுதியிருந்தார்கள். போதும்தான். ஆனால் மெதுவாக வரும். அந்த ஒரே டிஸ்க் போனால் எல்லாம் போகும். எங்கள் அலுவலகத்தில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரில் டிஸ்கைப் போட்டு ஓட விடலாம். அது நாளெல்லாம் ஃபேன் சத்தத்தோடு கரண்ட் குடிக்கும். இன்டர்நெட்டிலேயே இடம் வாடகைக்கு எடுக்கலாம். மாதாமாதம் கட்ட வேண்டும், அவர் மறந்துவிடுவார். மறந்தால் நினைவூட்ட நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். ஆகவே எங்களுடையதைப் போலவே இரண்டு டிஸ்க் பெட்டி என்று முடிவு செய்தேன். பெட்டி சாதாரணமாக இருக்கலாம். ஒரே ஆள் பார்ப்பதற்கு வேகமான பெட்டி எதற்கு? அங்கே மிச்சம் பிடிப்பதை டிஸ்கில் போட வேண்டும். கெட்டுப்போகிற சாமான் டிஸ்க்தான்.

எந்த ரவுட்டர் என்று சொல்ல வீட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒருநாள் அலுவலகத்தை மூடிவிட்டு அங்கே போனேன். அதுதான் நான் முதல் முறை அந்த வீட்டுக்குள் போனது. பழைய கட்டடம், கனமான சுவர். முன் அறையில் ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரோரம் சுருட்டி வைத்த மெத்தை. பின் அறை காலியாக இருந்தது.

"பாப்பா வந்தா பின்னாடி ரூம்ல படுத்துக்கட்டும். நான் இங்கயே படுத்துக்கறேன்," என்றார்.

இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் இலவசமாக வைத்துவிட்டுப் போன ரவுட்டர் வாசலுக்கு மேலே இருந்தது. போனை எடுத்துக்கொண்டு நடந்து பார்த்தேன். முன் அறையில் சிக்னல் முழுதாக வந்தது. சமையலறையில் பாதி. பின் அறைக்குள் போனதும் நின்றுவிட்டது. மகள் ஏற்கனவே என்னிடம் கேட்டிருந்தாள். "அப்பா ஊட்ல நெட் வருமாம்மா?" அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

"அவ ரூமுக்கு ஒயர் இழுத்து, அங்க தனியா ஒரு வைஃபை டப்பா வெக்கோணுமுங்க," என்றேன். "பெருசா விலை வராது. ரெண்டு ரூமுக்குமா சேத்து ஒரே பெரிய ரவுட்டர் வாங்கறதுதான் வீண் செலவு. எவ்வளவு பெருசு வாங்குனாலும் இந்தச் சுவரைத் தாண்டாது."

"சுவத்துல ஓட்டை போட ஊட்டுக்காரர் விட மாட்டாரே."

"ஓட்டை வேண்டாமுங்க. கதவு நிலை ஓரமாக் கிளிப் அடிச்சுக் கொண்டுபோயிரலாம்."

அவர் டேப்பை எடுத்து வந்தார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன், அவர் அளந்தார். பிறகு, இருக்கச் சொல்லிவிட்டுப் போய் டீ போட்டு வந்தார். எங்கள் வீட்டில் அவர் அடுப்பைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. டீ நன்றாக இருந்தது. அப்பாவுக்குப் போட்டுப் போட்டுப் பழகியது என்றார். மேசையையும் சுருட்டிய மெத்தையையும் பார்த்துக்கொண்டே குடித்தேன். பெட்டி அந்த மேசைமேல்தான் இருக்கப்போகிறது. அவர் தலைமாட்டில் இருந்து கைக்கெட்டுகிற தூரம்.

சேலத்துக்கு ஒரு வேலை நாளில் போனோம். ஃபேர்லேண்ட்ஸில் நான் வழக்கமாக வாங்கும் கடை. மாடியில் ஒரே ஹால், சுவர் முழுக்க அட்டைப் பெட்டி. கடைக்காரர் என்னைவிட வயதில் சின்னவர். எங்கள் பழைய பெட்டியை விற்றவரும் அவர்தான்.

"வாங்கக்கா, வாங்க சார். ரெண்டு பேரும் வந்திருக்கீங்க. இன்னொரு ஆபீஸ் போடறீங்களா?"

என் கணவர் கீபோர்டுகள் அடுக்கியிருந்த பக்கம் திரும்பிக்கொண்டார். "இன்னொரு இடத்துல வெக்கறதுக்கு வேணும் தம்பி," என்றேன்.

"ரொம்ப சந்தோஷங்கக்கா. அப்ப நாலு டிஸ்க் போடறதா எடுத்துக்கங்க. வளர வளர சேத்துக்கலாம்."

"வேண்டாம். ரெண்டு டிஸ்க் பெட்டி போதும். உள்ளதுலயே சின்னது."

கடைக்காரர் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் எடுத்து வந்தார். டிஸ்க் என்றதும் கேமராக்களுக்குப் போடுவதைக் காட்டினார். விலை குறைவு, கோழிப்பண்ணைக்காரர்கள் எல்லாம் அதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். எனக்கு இந்த மாதிரிப் பெட்டிக்கென்றே வருகிற டிஸ்க்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கொண்டு வந்த இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். ஒரே மாதத்தில் செய்தவை. வேறு லாட்டில் ஒன்று இருந்தால் கொடுங்கள் என்றேன். ஒரே லாட்டில் வந்தவை ஒரே சமயத்தில் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு, அப்படிக் கெட்டால் இரண்டு இருந்தும் பயன் இல்லை. தேடி எடுத்துக் கொடுத்தார். சீரியல் எண்ணைப் போட்டு, உத்தரவாதம் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்பதையும் அங்கேயே போனில் பார்த்துக்கொண்டேன். பழைய டிஸ்கைத் துடைத்துப் புதிது என்று விற்கிறார்கள் என்று படித்திருந்தேன். அந்தத் தம்பி அப்படிச் செய்கிறவர் இல்லை. இருந்தாலும் பார்த்தேன்.

"இதுலயே மெதுவாச் சுத்தறது இருக்குதா?" என்றேன்.

"இதைவிட வேகமானதுதான் இருக்குதுங்கக்கா. மெதுவானது எதுக்கு?"

"வேகமானது கரகரன்னு சத்தம் வரும்."

"ஆபீஸ்ல சத்தம் வந்தா என்னங்கக்கா?"

"பக்கத்துல ஆள் படுக்கறாங்க," என்றேன்.

கீபோர்டு பக்கம் நின்றவர் திரும்பி என்னைப் பார்த்தார். கடைக்காரரும் ஒருமுறை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. உள்ளே போய் மெதுவாகச் சுற்றும் டிஸ்க் இரண்டு எடுத்து வந்தார். நான் மறுபடியும் லாட்டையும் சீரியலையும் பார்த்தேன். ஐந்து நெட் ஒயர் சொருகுகிற சின்ன நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று, மகளின் அறைக்கு வைஃபை டப்பா, ஒயர் ஒரு சுருள், கரண்ட் போனால் பெட்டியைக் கொஞ்ச நேரம் தாங்குகிற யுபிஎஸ். பில் யார் பேருக்கு என்று கேட்டார்கள். "சார் பேருக்குப் போடுங்க," என்றேன். அவர் பணம் கட்டினார்.

வரும் வழியில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். கத்தரிக்காய்ப் பொரியல் வைத்தார்கள். அவர் கத்தரிக்காய் சாப்பிட மாட்டார். எப்போதும் போல எடுத்து என் இலையில் வைத்தார். வைத்த பிறகுதான் கவனித்தார் என்று நினைக்கிறேன், கை ஒரு நொடி நின்றது. நான் சாப்பிட்டுவிட்டேன்.

காரில் பெட்டியைப் பின் சீட்டில் வைத்து அதற்கு பெல்ட் போட்டிருந்தார். நாமக்கல் வரும்வரை லாரிகளைப் பற்றித்தான் பேசினோம். எந்த லாரி எந்த ஊருக்குப் போகும் என்று அவருக்குப் பார்த்ததும் சொல்லத் தெரியும். ஒன்றிரண்டைச் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை அலுவலகத்தில் பழைய பெட்டியையும் புதுப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிரதி எடுக்க விட்டேன். திரையில் ஒரு பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. கீழே, முடிய இரண்டு நாளுக்கு மேல் ஆகும் என்று காட்டியது. அவர் குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு நேரமா ஆகும்?"

"நம்ம சுவிட்ச் பழசுங்க. ரெண்டு பொட்டியும் வேகமானதுதான், நடுவுல இருக்கற இது வழியா இவ்வளவுதான் போகும்."

"நேத்து வாங்குனது?"

"அது புதுசு. அதை மாட்டுனா சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சுரும்."

அது அட்டையோடு மேசைமேல் இருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்கு அன்று சைட் எதுவும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. எனக்கும் அவசர வேலை ஒன்றும் இல்லை. இரண்டு நாள் அந்தக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"மாட்டிரு," என்றார்.

நான் அட்டையைப் பிரித்து சுவிட்சை மாட்டினேன். நான்கு ஒயரை மாற்றிச் சொருகுவதுதான் வேலை. மறுபடி ஓட விட்டபோது கோடு கண்ணுக்குத் தெரிந்து ஓடியது. எங்கள் முதல் வேலையிலிருந்து வரிசையாகப் போயிற்று. ஃபோல்டர்களுக்கு வீட்டுக்காரர்களின் ஊரைத்தான் பேராக வைத்திருந்தேன். திருச்செங்கோடு, சேந்தமங்கலம், தம்மம்பட்டி. தம்மம்பட்டி வந்தபோது, "அங்க லிண்டல் போட்ட அன்னைக்குத்தான் பாப்பா பொறந்தா," என்றார். "ஆமாங்க," என்றேன். அதற்குள் அது தாண்டிப் போய்விட்டது.

சாயந்தரம் முடிந்ததும் அவரை உட்கார வைத்து ஒன்று செய்து காட்டச் சொன்னேன். இந்த விளக்கு சிவப்பானால் டிஸ்க் ஒன்று கெட்டது என்று அர்த்தம், அப்போது என்ன செய்ய வேண்டும் என்று வாயால் சொன்னால் அவருக்கு நிற்காது. செய்தால்தான் நிற்கும்.

"அந்த இடது பக்கத்து டிஸ்கை வெளியில இழுங்க."

"ஓடிட்டிருக்குதே."

"பரவால்லீங்க, இழுங்க."

இழுத்தார். பெட்டி கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அவர் டிஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "போச்சா?"

"ஒண்ணும் போகலீங்க. போன்ல ஒரு போட்டோ திறந்து பாருங்க."

திறந்தார். யாருடையதோ ஒரு குளியலறைச் சுவர், அதில் டேப்பைப் பிடித்திருக்கும் அவருடைய கை. அது திறந்துகொண்டதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இரண்டு வருடமாக நான் பார்க்காத சிரிப்பு. டிஸ்கை மறுபடி உள்ளே தள்ளச் சொன்னேன். அது தானாக மற்றதைப் பார்த்து எழுதிக்கொள்ளும், நேரம் ஆகும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றேன். அவர் தலையாட்டினார். நான் சத்தத்தை நிறுத்தினேன்.

அந்த வார இறுதியில் அவர் வீட்டில் எல்லாவற்றையும் மாட்டினோம். ஒயரை நிலை ஓரமாக இழுத்து அவர் கிளிப் அடித்தார். ரசமட்டம் வைத்த மாதிரி நேராக இருந்தது. நான் முனைகளில் எட்டுச் சின்னக் கம்பியையும் நிறம் பார்த்து அடுக்கி, பிளக்குக்குள் வைத்து அழுத்திக் கிரிம்ப் செய்தேன். வேலை நடந்தவரை ஒருவருக்கொருவர் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டி வரவில்லை. எப்போதுமே வேலையில் நாங்கள் அப்படித்தான். பின் அறையில் போனை வைத்துப் பார்த்தேன், முழுதாக வந்தது. பெட்டியை மேசைமேல் வைத்து ஓட விட்டு, மெத்தை போடுகிற இடத்தில் தரையில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டேன். ஃபேன் சத்தத்தைத் தாண்டி எதுவும் கேட்கவில்லை.

கடைசியாக அவருடைய பாஸ்வேர்டை அவரையே அடிக்கச் சொன்னேன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடித்து முடித்தவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"நீ உன் ஊட்ல இருந்து இதை உள்ள வந்து பாக்க முடியுமா?"

"இப்ப முடியுமுங்க. நான்தானே எல்லாம் போட்டேன், என் பேரும் இதுல இருக்குது. ஏதாச்சும் கோளாறுன்னா அங்கிருந்தே சரிபண்ணலாம்னு விட்டிருந்தேன். வேண்டாம்னா எடுத்துரலாம்."

அவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "எடுத்துரு," என்றார். பிறகு, "தப்பா நெனச்சுக்காத," என்றார்.

"இதுல என்னங்க தப்பு."

எடுத்தேன். உறுதியா என்று ஒருமுறை கேட்டது, ஆம் என்று அழுத்தினேன். என் பேர் அந்த வரிசையிலிருந்து போயிற்று. அந்தப் பெட்டிக்குள் இனி என்னால் நுழைய முடியாது. ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். தோன்றவில்லை. ஸ்க்ரூ டிரைவர், கிரிம்பர், மிச்ச ஒயர் எல்லாவற்றையும் பையில் போட்டேன். "மிச்ச ஒயர் இங்கயே இருக்கட்டும்," என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஸ்கூட்டர் வரைக்கும் வந்தார்.

"போய்ட்டு வாரேனுங்க," என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

கோர்ட்டில் எல்லாம் சொன்னபடி முடிந்தது. மறுபடி யோசித்தீர்களா என்று இருவரையும் கேட்டார்கள். இருவரும் யோசித்ததாகச் சொன்னோம். மகள் சனிக்கிழமைகளில் அங்கே போகிறாள். அங்கே நெட் நம் வீட்டைவிட வேகம் என்கிறாள். அது சரிதான், எங்கள் வீட்டில் இன்னும் பழைய ரவுட்டர்தான் இருக்கிறது. பெட்டியைப் பற்றி அவர் இதுவரை என்னைக் கூப்பிடவில்லை. மழைக்காலத்தில் ஒருமுறை இடி விழுந்து அந்தத் தெரு முழுக்கக் கரண்ட் போனது. காலையில் நானாகப் போனை எடுத்து, வைத்துவிட்டேன். சாயந்தரம் மகளிடம் கேட்டதற்கு, அப்பா வேறு ஒரு ஒயரை மாற்றினார், எல்லாம் ஓடுகிறது என்றாள்.

சைட்டுக்கு இப்போது நானே போகிறேன். ஆரம்பத்தில் கொத்தனார் எதைக் கேட்டாலும், "சார்கிட்டக் கேட்டு" என்று வாய் வரை வந்துவிடும். இப்போது வருவதில்லை. வெயிலில் நின்று தலைவலி வருகிறது, மாத்திரை வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன்.

போன மாதம் மோகனூர்ப் பக்கம் வீடு கட்டப்போகிற ஒரு பெண்ணும் அவளுடைய கணவனும் வந்தார்கள். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. அந்தப் பெண் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். இருக்கிற வீட்டில் நெட் சரியாக வருவதில்லை, புது வீட்டில் என்ன செய்யலாம், ரொம்பச் செலவு இல்லாமல் சொல்லுங்கள் என்றாள். நான் அவளுக்கு பிளானிலேயே காட்டினேன். சுவர் திறந்திருக்கும்போதே ஒவ்வொரு அறைக்கும் ஒரு பைப் போட்டு ஒயர் இழுத்து வைத்துவிடுங்கள், இப்போது செலவு அதிகம் ஆகாது. பின் அறைக்கு ஒரு டப்பா தனியாக வைத்துக்கொள்ளுங்கள், படிக்கிற பிள்ளை அங்கே இருக்கும். பெட்டி வாங்கினால் மெதுவாகச் சுற்றும் டிஸ்காக வாங்குங்கள், ராத்திரி படுக்கும்போது சத்தம் கேட்கக் கூடாது.

அந்தப் பெண் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். "உங்க ஊட்லயும் இப்படித்தான் வெச்சிருக்கீங்களாக்கா?" என்றாள்.

"ஆமாங்க," என்றேன்.

சொன்ன பிறகு கண் எரிந்தது. ஏசிக்கு நேராக உட்கார்ந்திருந்தேன், அதனாலும் இருக்கலாம். எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன். நான் வருவதற்குள் அவர்கள் இருவரும் பிளானை வேறு பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். மாடிப்படி உள்ளே வருவதா, வெளியே வருவதா என்று அவர்களுக்குள் பேச்சு. வெளியே இருந்தால் மேல் மாடியை வாடகைக்கு விடலாம் என்றான் அவன். உள்ளேதான் வேண்டும் என்றாள் அவள். நான் பென்சிலை எடுத்து இரண்டு மாதிரியாகவும் போட்டுக் காட்டினேன்.